ஆடிப் பதினெட்டுக்குள் மயில் நகர வேண்டும்

ஆடி 2, வெள்ளி

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த டைரியில் வரப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்புகிறவர்களிடம் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தையே யாராவது விற்றுவிடுவார்கள், அவ்வளவுதான் சொல்வேன். எழுதுகிறவன் ரத்தினச்சாமி. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றின் ஏஜெண்ட். ஏழு ஜில்லாவில் ஆணி அடித்த சுவர் ஒவ்வொன்றும் என் பேரைச் சொல்லும். தேதி என்ற ஒன்றை ஜனங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான். அதற்கு முன்னால் எல்லோரும் சூரியனைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பிறந்து, குத்துமதிப்பாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக: அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் ஆடிப் பதினெட்டு அன்றுதான் வெளிவரும். பூஜை போட்டு, சூடம் காட்டி, ஏஜெண்டுகள் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். மாதிரிப் படங்கள் அத்தனையும் ஒரே தைப்பில். கனத்தைக் கேட்காதீர்கள். ஒருமுறை திண்டுக்கல் பஸ்ஸில் பின் சீட்டில் வைத்தேன். பஸ் உட்கார்ந்துகொண்டது, முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. கண்டக்டர் ஆல்பத்துக்கு முழு டிக்கெட் கேட்டார். அரை டிக்கெட்டுக்குப் பேசி முடித்தேன்.

அந்த ஆல்பத்துக்கு இந்த வருஷம் எமனாக வந்திருப்பவள் என் அக்கா மகள் பொன்ரேகா. பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்த சாத்தூர் செல்வினோடு சேர்ந்து, என் வீட்டு மாடியில் கம்பெனி வைத்திருக்கிறாள். கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, ஆடுகிற ஃபேன் ஒன்று. ஆல்பம் முழுவதையும் செல்போனுக்குள் இறக்கிவிடும் ஆப் ஒன்றைச் செய்கிறார்கள்.

பிரஸ் முதலாளி அண்ணாச்சியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. போன மாதமே சொல்லிவிட்டார். "ஆடிப் பதினெட்டு பூஜை முடிஞ்சதும் என் கட்டைவிரலால தள்ளிப் பாப்பேன்மா. ஆல்பம் பொரட்டுற மாதிரி ஓடணும். நடுவுல விக்கி நின்னுச்சுன்னா அன்னைக்கே பழையபடி ஆல்பத்தைப் பைண்டிங்குக்கு அனுப்பிருவேன்."

இவ்வளவு பெரிய காரியத்தில் அண்ணாச்சிக்கும் மாடிக்கும் நடுவே தூதர் ஒருவர் வேண்டாமா? என்னை நானே நியமித்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு இது இன்னும் தெரியாது. பெரிய மனிதர்களை எல்லாவற்றுக்கும் தொந்தரவு செய்யக் கூடாது.

ஒரே ஒரு கஷ்டம். தனிக்கட்டையான எனக்கு மத்தியானத் தூக்கம்தான் சொத்து. அதன் தலைக்கு மேலேயே ரேகாவின் சக்கரம் வைத்த நாற்காலி உருள்கிறது. மாடித் தரையில் ஒரு டைல்ஸ் உடைந்திருக்கிறது. அங்கே வந்ததும் தடுக்கும். கடகடகட, டக். கடகடகட, டக். கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

ஆடி 4, ஞாயிறு

தூதரின் முதல் விஜயம். ஆப்பைத் திறந்து காட்டினார்கள். பெட்டி பெட்டியாகப் படங்கள், விரலால் தள்ளினால் மேலே போகின்றன. அவ்வளவுதான். சோறு மட்டும் போட்ட இலை மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி போன் பண்ணாரு," என்றேன். "ஒவ்வொரு சாமி முன்னாடியும் ஒரு வெளக்கு எரியணுமாம். சுடர் ஆடணும்."

ரேகா செல்வினைப் பார்த்தாள். "ஒவ்வொரு படத்துலயுமா மாமா?"

"எந்தச் சாமியை இருட்டுல விடச் சொல்ற? அப்புறம், மாலை காத்துல அசையணுமாம். தங்க ஜரிகை மினுமினுன்னு மின்னணுமாம். எல்லாம் அவரு வாயால சொன்னது."

கையோடு பென்டிரைவில் படங்களையும் கொடுத்தேன். பிரஸ் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் கெஞ்சி வாங்கியவை. சுவரை மறைக்கும் போஸ்டர் அடிப்பதற்கான படங்கள், அசல், ஒரு புள்ளி குறையாதவை. எங்கள் தொழிலில் இதற்குச் சாமி சைஸ் என்று பேர். சின்னப் படம் கொடுத்து, அச்சில் சாமி முகம் மங்கி வந்து, அதனால் வேலை போனவர்களை வைத்தே தனியாக ஒரு ஊராட்சி நடத்தலாம்.

"இம்புட்டு பெருசு வேணாமே அண்ணே," என்றான் செல்வின்.

"பெருசா குடுத்தா யாருய்யா கோவிச்சுக்குவா?" என்றேன். பென்டிரைவைச் செருகிக்கொண்டான்.

ஆடி 5, திங்கள்

கடகடகட, டக். கொத்தனார் போனை எடுக்கவில்லை. நானும் இன்னும் அடிக்கவில்லை.

ஆடி 7, புதன்

அவர்கள் இரண்டு பேர் போனிலும் ஆப் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடாதா? அந்தப் போன்களின் விலைக்கு என் வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டலாம். தீபங்கள் ஆடின, மாலைகள் அசைந்தன, ஜரிகை மின்னியதில் ஃபேன் தடுமாறியது. வெள்ளோட்டம் விட என் போனில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். என் போன் எளிமையானது. என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் போனும் அதே ஜாதகம்தான்.

பால்கோவா கடை நவநீதக்காவிடம் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடி விரலால் தள்ளினாள். பிள்ளையார் பாதி தூரம் போய் நின்றார். தும்பிக்கை ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கம்.

"என்னய்யா, ஒட்டிக்கிருச்சா?" என்றாள் அக்கா. ஆல்பத்தில் தாள் ஒட்டினால் செய்கிற மாதிரியே விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. போனைத் தூக்கி ஓரத்தில் 'ஃபூ' என்று ஊதினாள். திரையில் எச்சில், எச்சிலுக்குப் பின்னால் பிள்ளையார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, வந்துருவாரு."

"யாரு?"

"முருகர். மயில்ல வாராரு."

பொறுத்தோம். அதற்குள் அடுப்பில் ஒரு சட்டிப் பால் சுண்டிக் கோவாவாகி, ஆறி, பெட்டியில் அடைபட்டு, ராஜபாளையம் போய், தின்று முடித்து, பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. மயில் ஒரு காலை எடுத்து வைத்திருந்தது. அடுத்த காலுக்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தது போல.

"ரத்தினம், கோவிச்சுக்காத," என்றாள் அக்கா. "போன வாரம் எதிர் பிரஸ்காரன் வந்து சொல்லிட்டுப் போயிருக்கான், இந்தத் தடவை மொத ஆளா ஆல்பம் கொண்டுவாரானாம். அது சடசடன்னு பொரளும்."

திரும்பும்போது பஸ்ஸில் போன் என் மடியைச் சுட்டது. அதில் தோசை வார்த்திருக்கலாம். வார்த்தேன். இரண்டு.

ஆடி 8, வியாழன்

ரேகாவிடம் போனை நீட்டி, "உங்க ஆப்பு பெங்களூர்க்காரிம்மா. நம்ம ஊரு வெயில் ஒத்துக்கல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் போனை ஒயரில் மாட்டி எதையோ முடுக்கிவிட்டாள். திரையின் அடியில் குச்சி குச்சியாகக் கோடுகள் எழும்பின. நடுவே ஒரு பச்சைக் கோடு.

"சினிமா ரீல் மாதிரிதான் மாமா. நீங்க தள்ளும்போது ஒரு நொடிக்கு அறுபது படம் புதுசு புதுசா வரையணும். ஒவ்வொரு படத்தையும் இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள முடிக்கணும். தாண்டுனா அந்தப் படம் விட்டுப்போகும். அதைத்தான் அண்ணாச்சி விக்கி நிக்குதுன்னு சொன்னாரு."

விரலால் தள்ளினாள். குச்சிகள் பச்சைக் கோட்டைத் தாண்டி, திரையைத் தாண்டி, கூரையில் இடித்து, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த வற்றலைக் கலைத்தன.

காரணங்களை நான் வரிசையாக எடுத்துச் சொன்னேன். சிக்னல். கரண்ட் ஏற்ற இறக்கம். சந்திராஷ்டமம். செல்வின் இடதுகைக்காரன். செல்வின் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அண்ணே, திரையில பெட்டி வெத்தலை அளவு," என்றான். "அதுக்குள்ள வைக்க நீங்க குடுத்த படம் லாரி அளவு. ஒவ்வொரு லாரியையும் பிரிச்சு, வெத்தலை அளவுக்குச் சுருக்கி, அப்புறம் காட்டணும். நீங்க தள்ளத் தள்ள அந்த வேலை. அதுக்கு மேல வெளக்கு, மாலை, ஜரிகை. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துலகூட வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"முன்னாடியே சுருக்கி வச்சிருவோம்," என்றாள் ரேகா.

"சாமியைச் சுருக்கவா? அண்ணாச்சி சம்மதிக்க மாட்டாரு," என்றேன்.

"கேட்டீங்களா மாமா?"

"கேக்கணுமா? அவரு மனசு எனக்குத் தெரியாதா?"

இறங்கி வந்துவிட்டேன். மேலே நாற்காலி உருளவில்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஏனோ புழுக்கம்.

ஆடி 9, வெள்ளி

ஆடி வெள்ளி. கோவிலில் கூழ். அம்மன் சாமி சைஸில்தான் இருந்தாள். ஒருத்தரும் சுருக்கச் சொல்லவில்லை.

ஆடி 11, ஞாயிறு

ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரைக்கு அங்கேதான் வெளிச்சம். ஜன்னல் திறந்திருந்தது. ரேகா யாரிடமோ போனில் பேசினாள்.

"இல்ல சார், அடுத்த திங்கக்கிழமை சொல்லிர்றேன். அதுக்கு மொத நாள் இங்க ஒரு டெமோ இருக்கு. அது சரியா வரலேன்னா அந்த வாரமே அங்க வந்து சேர்ந்துர்றேன். ஆமா சார், பெங்களூர்லயே."

அப்புறம் செல்வின் ஏதோ கேட்டான். "வேற என்ன செய்ய?" என்றாள். "இந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் வந்தோம்."

ரொம்ப நல்லது. போகட்டும். மாடி காலியாகும். நாற்காலி உருளாது. கொத்தனார் செலவு மிச்சம். இந்த வீடு மறுபடி பழையபடி அமைதியாக, கிணற்றுக்குள் கல் போட்டால் கேட்கிற மாதிரி இருக்கும். எவ்வளவு சுகம்.

கீரையை ஆய்ந்து முடித்துப் பார்த்தால் காம்பெல்லாம் சட்டியில் இருக்கிறது, கீரையெல்லாம் குப்பையில். காம்புப் பொரியல் உடம்புக்கு நல்லது.

ஆடி 12, திங்கள்

"அண்ணாச்சி போன் பண்ணாரு," என்றேன்.

ரேகா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன சொன்னாரு?"

"வெளக்கு வேண்டாமாம். செல்போனுக்குள்ள நெருப்பு எரியிறது பிரஸ்ஸுக்கு ஆகாதாம். காகிதம் இருக்கிற எடம் பாரு."

"சரி மாமா."

செல்வின் குனிந்துகொண்டான். முதுகு குலுங்கியது. இருமலாக இருக்கும்.

ஆடி 13, செவ்வாய்

அண்ணாச்சி மறுபடி போன் பண்ணினார். மாலையும் வேண்டாமாம். காற்றில் மாலை அசைந்தால் வீட்டில் பணம் தங்காது என்று ஜோசியர் சொன்னாராம்.

"அண்ணாச்சி இப்பல்லாம் தினமும் கூப்பிடுறாரே மாமா," என்றாள் ரேகா.

"எம்மேல அவருக்கு அப்பிடி ஒரு பிரியம்."

இன்று ஒரு பாடமும் நடந்தது. ஆல்பத்தின் அத்தனை பெட்டியையும் முதலிலேயே கட்டி வைக்காமல், கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் கட்டுகிற மாதிரி மாற்றியிருக்கிறார்களாம். "அப்ப கீழ உள்ள சாமியெல்லாம்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா எலை போடுவாங்க? பந்திக்கு எத்தனை பேரோ அத்தனை எலைதான். ஒருத்தர் எந்திரிச்சா அந்த எடத்தைத் தொடச்சு அடுத்தவருக்கு. மேல போன பெட்டியையே கீழ கொண்டாந்து, வேற படம் வச்சுர்றோம்," என்றாள் ரேகா.

இதில் நுட்பமான குறை ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. யோசித்துப் பார்த்தேன். குறை என்னவென்றால், அது என் யோசனை இல்லை.

ஆடி 14, புதன்

ஜரிகை. அண்ணாச்சி மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். முழுக்க வேண்டாம், படத்தைத் தொட்டால் மட்டும் ஒருமுறை மின்னினால் போதுமாம். ரேகாவின் முகம் மலர்ந்தது. "அது ரொம்ப லேசு மாமா. படத்தைத் திருப்பி வரைய வேண்டாம். மேல ஒரு வெளிச்சப் பட்டையை மட்டும் நகத்துனாப் போதும்."

என் போனில் தள்ளிப் பார்த்தோம். பிள்ளையார் போனார். சரஸ்வதி போனாள். ஒரு குழந்தை, இரண்டு நாய்க்குட்டி, சுவிட்சர்லாந்து, எல்லாம் போயின. குச்சிகள் பாதிக்கு மேல் பச்சைக் கோட்டுக்குள் அடங்கின.

"மிச்சம் படத்து அளவுதான்," என்றான் செல்வின் என்னைப் பார்க்காமல்.

"அண்ணாச்சியைக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

சாப்பிடும்போது தட்டில் பார்த்தால் முருகன் முகம். வெற்றிலை அளவு.

ஆடி 15, வியாழன்

அண்ணாச்சி சம்மதித்தார். குரல் கம்மியிருந்தது. அவருடைய குரல்தான்.

ஆடி 16, வெள்ளி

படங்கள் அத்தனையும் சுருங்கிவிட்டன. பட்டியலில் சின்னப் படம்; தொட்டால்தான் பெரிய படம் பின்னாலேயே வரும். என் போனில் தள்ளினால் விரலுக்கு முன்னால் ஓடுகிறது. தள்ளிய வேகத்தில் இந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷமெல்லாம் போய், என் அறுபதாம் கல்யாணத்தையே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை நான்தான். பெண் யாரென்று தெரிவதற்குள் நின்றுவிட்டது.

ஆனால் மயில். ஏழு ஜில்லாவிலும் வருஷா வருஷம் முதலில் தீர்கிற படம் மயில்மேல் முருகன். அதன் தோகையில் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் பொன். இப்போது பார்த்தால் யாரோ துவையலைக் கொட்டிய மாதிரி.

படம் ஏற்றும் பக்கத்தை நான் பார்க்க அனுமதி உண்டு. அங்கே 'சுருக்கு' என்று ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அவர்கள் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தூசி தட்டத்தான் போனேன். ஆடிக்காற்று அடித்தது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். முருகன் படத்துக்கு மட்டும் அந்த டிக் பறந்துவிட்டது. காற்றோடு காற்றாகப் படமும் மறுபடி ஏறிவிட்டது. காற்றின் வேலையைக் குறுக்கே நின்று தடுக்க நான் யார்?

ஆடி 18, ஞாயிறு

பிரஸ்ஸில் பூஜை. தேங்காய், பழம், பொரி, மெஷினுக்கெல்லாம் சந்தனம். ஏஜெண்டுகள் வட்டம் கட்டி நின்றார்கள். அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மதுரையில கண் ஆபரேசன்யா. ஆடி பொறந்ததுல இருந்து மக வீட்டுலதான் கெடக்கேன். போனைத் தொடக் கூடாது, யார்கிட்டயும் தொழில் பேசக் கூடாதுன்னு பிடுங்கி வச்சுக்கிட்டா. நேத்து சாயங்காலந்தான் விட்டா. இந்த ஆடியில நான் பேசுற மொத ஆளே நீங்கதான்."

என் வேட்டி திடீரென்று தளர்ந்த மாதிரி இருந்தது. குனிந்து கட்டினேன். நிறைய நேரம் கட்டினேன்.

பக்கத்தில் ரேகா மெல்லச் சொன்னாள்: "மொத நாளே தெரியும் மாமா. அவரு மக எங்கூடப் படிச்சவ."

"அப்ப எதுக்கு வெளக்கு வச்ச?"

"அண்ணாச்சி பேரைச் சொன்னாத்தான் செய்வேன்னு நெனச்சீங்கல்ல. நீங்க கேட்டாலே வச்சிருப்பேன். கேவலமாத்தான் ஓடியிருக்கும். இருந்தாலும் வச்சிருப்பேன்."

ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி தன் போனை எடுத்தார். ஓரத்தில் உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட போன்; முதலாளிகள் முதலாளியாவது இப்படித்தான். செல்வின் அதில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கம் விடவில்லை, கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். தள்ளினார்.

ஓடியது. சடசடவென்று ஓடியது. பிள்ளையார், லட்சுமி, மசூதி, மாதா, குழந்தை, நாய்க்குட்டி. மேலே தள்ளினார், கீழே இழுத்தார், பட்டென்று நிறுத்தினார், மறுபடி விட்டார். துப்பட்டாவின் முனை ரேகாவின் விரலில் கயிறாகத் திரிந்துகொண்டிருந்தது.

நின்றது.

மேலே பாதி நாய்க்குட்டி, கீழே வெறும் சாம்பல் பெட்டி. அண்ணாச்சி விரலை எடுத்தார். "நின்னுருச்சே," என்றார்.

ஏஜெண்டுகளில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். செல்வின் மெதுவாக என் பக்கம் திரும்பினான். ரேகா திரும்பவே இல்லை. அது இன்னும் மோசம். பெங்களூர் பஸ் எங்கோ ஹாரன் அடித்தது. என் காதில்தான் அடித்தது.

அப்புறம் சாம்பல் பெட்டிக்குள் முருகன் வந்தார்.

அண்ணாச்சி போனைக் கண்ணருகே கொண்டுபோனார். இரண்டு விரலால் விரித்தார். இன்னும் விரித்தார். "ஏய்யா," என்றார், "தோகையில ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாத் தெரியுதுய்யா." புதுக் கண் வாங்கியவர் பேச்சு. "மத்தப் படமெல்லாம் இப்பிடித் தெரியுமா?"

"படத்தைத் தொட்டாத் தெரியும் அண்ணாச்சி," என்றான் செல்வின் அவசரமாக. "அப்பதான் பெருசு வரும்."

"அப்ப இது மட்டும் ஏன் தொடாமலே வந்துச்சு?"

தூதர் தன் கடமையைச் செய்ய வேண்டிய நேரம்.

"முருகன் அவசரப்பட்டுட்டாரு அண்ணாச்சி," என்றேன்.

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்களுக்கு ரொம்பத் தூரம் தெரிகிறது. "அவரைக் கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லு," என்றார். பிறகு ரேகாவிடம், "இந்த ஒரு எடத்தைச் சரி பண்ணிரும்மா. மத்தது ஆல்பத்தைவிட ஓடுது. எல்லா ஏஜெண்டுக்கும் ஏத்திக் குடுத்துரு. பைண்டிங்குக்குச் சொல்ல வேண்டாம்."

ரேகா தலையை மட்டும் ஆட்டினாள். செல்வின் அவளிடம் பொரித் தட்டை நீட்டினான்.

ஆடி 19, திங்கள்

காலையில் ரேகா பெங்களூருக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொன்னாள். நான் கீரை ஆயவில்லை. அவளே சத்தமாகத்தான் பேசினாள். அப்புறம் முருகனைச் சுருக்கினாள். படம் ஏற்றும் பக்கத்திலிருந்து அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டாளாம், காற்றுக்காக.

மத்தியானம் கொத்தனார் வந்தார். எப்போதோ உண்மையாகவே போன் போட்டுவிட்டிருந்தேன் போலிருக்கிறது. "எந்த டைல்ஸ் அண்ணே?" என்றார். வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதுவரை எழுதியது எல்லாம் புளுகு. பஸ் உட்காரவில்லை, பால்கோவா ராஜபாளையம் போகவில்லை, தோசை வார்க்கவில்லை. ஆடிக்காற்றுக்கு டிக் எடுக்கத் தெரியாது. முதலிலேயே சத்தியம் பண்ணிவிட்டேன், என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பாயை விரித்துப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மேலே நாற்காலி உருள்கிறது. கடகடகட, டக்.